தலைசுற்றல்: அதன் காரணமும் தீர்க்கும் முறையும்

நம் தமிழ் வழக்கில் தலைசுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம், தள்ளாட்டம் என நான்கு சொற்கள் உள. மக்கள் இவற்றை ஒருபொருட் சொற்களாகவே ஆளுகின்றனர். வெயிலில் நின்று கண் இருண்டவரும் தமக்குத் தலை சுற்றியது என்பர். பசியாற் சோர்ந்தவரும் அவ்வாறே கூறுவர். படுக்கையிற் புரண்டபொழுது வீட்டுக் கூரை சக்கரம்போற் சுழலக் கண்டவர் மயக்கம் வந்தது என்று சொல்லி நிறுத்திவிடுவர். கேட்பவரும், "பித்தம் தலைக்கேறியிருக்கும், எலுமிச்சம்பழச் சாறு குடித்தாற் சரியாய்விடும்" என்று தேற்றி அனுப்புவது நம் இல்லங்களிற் பெருவழக்கு. எலுமிச்சம்பழச் சாற்றினால் தீங்கு யாதுமில்லை. ஆயினும் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டமையால் நோய்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சில நிமிஷங்களிற் குணமாகத்தக்க நோய்க்குப் பல மாதங்கள் மாத்திரை விழுங்குவாரும் உளர். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாத மூளைநோயைப் பித்தமென்று எண்ணிப் படுத்திருப்பாரும் உளர். ஆகலின், தலைசுற்றல் என்பது யாது, அஃது எங்குத் தோன்றுகின்றது, இக்கால வைத்தியர் அதனை எவ்வாறு பகுத்தறிந்து தீர்க்கின்றனர் என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றேன். இலக்கியம் பயிலும் மாணவனுக்கு வைத்திய நூலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சொல்லின் பொருளை வரையறுத்தல் எம் வகுப்பினர் தொழில். இந்நோயிலோ, நோயாளி தம் துன்பத்தைத் தெளிவாக எடுத்துரைப்பதே வைத்தியத்திற் பாதியாகும்.

சொற்பொருள் வரையறை

தாம் அசையாதிருக்கவும், தாமோ தம்மைச் சூழ்ந்த பொருள்களோ சுழல்வதாகவேனும் சாய்வதாகவேனும் ஆடுவதாகவேனும் ஒருவருக்குத் தோன்றுமாயின், அதனையே தலைசுற்றல் என்று ஈண்டுக் கொள்வோம். கண் இருண்டு, உணர்வு மங்கி, விழப்போவது போன்ற நிலை மயக்கமாகும். மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைவதனால் அது பெரும்பாலும் உண்டாகும். படுத்திருந்தவர் திடீரென்று எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்வதும், நெஞ்சத்துடிப்புத் தவறுவதும் இதற்குக் காரணங்களாம். தலையில் ஒன்றும் தோன்றாதிருக்க, நடை மட்டும் நிலைகொள்ளாமற் போவது தள்ளாட்டம். நீரிழிவினாற் கால் நரம்புகள் பழுதுற்றவர்களிடத்து இதனைக் காணலாம். இம்மூன்றிலும் அடங்காது, தலை லேசாகி மிதப்பது போன்ற உணர்ச்சியே கிறுகிறுப்பு. இரத்தச் சோகை, மனக்கவலை, உட்கொள்ளும் மருந்துகள் முதலிய பலவற்றால் அது வரும்.

இப்பாகுபாடு பயனுடையதே, எனினும் இதுவே போதுமானதன்று. ஒரே நோயாளி காலையில் ஒரு சொல்லும் மாலையில் வேறொரு சொல்லும் கூறுவது இயல்பென்பதை இக்கால வைத்தியர் கண்டுள்ளனர். ஆதலின் அவர்கள், "உமக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டதோடு நில்லாமல், மேலும் மூன்று வினாக்களை எழுப்புகின்றனர். ஒருமுறை வந்தால் எவ்வளவு நேரம் நிற்கின்றது? எதைச் செய்யும்பொழுது வருகின்றது? அதனோடு கூட வேறென்ன வருகின்றது? இம்மூன்று வினாக்களே இக்கட்டுரைக்கு அச்சாணி என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகின்றேன்.

உடலை நிலைநிறுத்தும் கருவி

நாம் விழாமல் நிற்பதற்கும் நடப்பதற்கும் மூன்று துணைகள் உண்டு. கண் ஒன்று, பாதம், கால், கழுத்து ஆகியவற்றின் தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி மற்றொன்று, உட்செவி மூன்றாவது. செவி கேட்பதற்கு மட்டுமே உரியதென்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் காதிற்குப் பின்னுள்ள எலும்பின் ஆழத்தில், கேட்கும் கருவியாகிய நத்தைக்கூட்டை ஒட்டி, நிலைப்பைக் காக்கும் கருவி ஒன்றும் அமைந்திருக்கின்றது. அதில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள. அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் எவ்வாறு ஒன்றற்கொன்று செங்குத்தாகச் சந்திக்கின்றனவோ, ஏறக்குறைய அவ்வாறே அக்குழல்கள் மூன்று திசைகளில் வளைந்து நிற்கின்றன. ஆகவே தலை எப்பக்கம் திரும்பினும் அதனை அறியும் குழல் ஒன்று இல்லாமற் போவதில்லை.

குழல்களினுள்ளே நீர் நிறைந்திருக்கின்றது. ஒவ்வொரு குழலும் ஓரிடத்திற் பருத்து, அவ்விடத்தில் பாகு போன்ற மெல்லிய மடல் ஒன்றைத் தாங்கியுள்ளது. அம்மடலின் அடியில் நுண்ணிய மயிரிழைகளையுடைய உயிரணுக்கள் உள. தலை திரும்புகையில் நீர் பின்தங்கி மடலை வளைக்கும், மயிரிழைகள் சாயும், அச்செய்தி நரம்பின் வழியே மூளையை அடையும். நீர் நிறைந்த செம்பு ஒன்றில் சிறு துரும்பை மிதக்கவிட்டுச் செம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். செம்பு திரும்பும், துரும்பு முதலில் நின்ற இடத்திலேயே நிற்கும். செம்பைச் சுற்றிக்கொண்டேயிருந்தால் நீரும் சிறிது சிறிதாகச் சுழலத் தொடங்கும். பின்னர்ச் செம்பை நிறுத்தினாலும் நீர் சுழன்றுகொண்டேயிருக்கும். சிறுவர் தட்டாமாலை சுற்றி நின்றவுடன் வீடும் மரமும் சுழல்வதன் காரணம் இதுவே. அவர் கால்கள் நின்றுவிட்டன; குழலிலுள்ள நீர் நிற்கவில்லை. கண், "நிற்கின்றோம்" என்கின்றது. செவி, "சுற்றுகின்றோம்" என்கின்றது. இரு சாட்சிகளும் முரண்பட்டவிடத்து மூளை தடுமாறுகின்றது, வயிறும் குமட்டுகின்றது.

இரண்டு பைகளும் வேறொரு தொழிலைச் செய்கின்றன. நேர்க்கோட்டிற் செல்லும் அசைவையும், பூமியின் ஈர்ப்பு எத்திசையிலுள்ளது என்பதையும் அவை அறிவிக்கும். அவற்றிலுள்ள பாகின்மேல் ஆயிரக்கணக்கான நுண்ணிய சுண்ணக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத அளவினவாகிய இக்கற்கள் உரிய இடத்திலிருக்குமளவும் நமக்கு நன்மையே செய்யும். இடம் பெயர்ந்தால் அவை விளைக்கும் துன்பத்தைப் பின்னர்க் காண்போம்.

இக்கருவி கண்ணையும் ஆளுகின்றது. இதனை அறிய இவ்விதழையே கையிற்கொண்டு சோதிக்கலாம். இதழை அசைக்காமற் பிடித்துத் தலையை மட்டும் இடமும் வலமும் விரைந்து அசைத்தால் எழுத்துக்கள் தெளிவாகவே தெரியும். தலையை நிறுத்தி இதழை அதே விரைவில் அசைத்தால் எழுத்துக்கள் கலங்கிவிடும். தலை அசையும் அளவிற்கு எதிராகக் கண்ணை உட்செவி திருப்பிக்கொடுப்பதே முன்னதன் காரணம். ஆகவே உட்செவி பழுதுற்றால் விழிகள் தாமாகவே துடிக்கும். வைத்தியர் தலைசுற்றலை ஆராயும்போது செவியைவிடக் கண்ணையே மிகுதியாக நோக்குவது இதனாலேதான்.

இவ்வுண்மைகளைக் கண்டறிந்த வரலாறு

பிரெஞ்சு விஞ்ஞானியாகிய புளூரான்ஸ் என்பவர் 1820க்கும் 1830க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் புறாக்களின் உட்செவியை ஆராய்ந்தார். அரைவட்டக் குழல் ஒன்றனை அறுத்தபொழுது, புறாவின் கேள்விப்புலன் கெடவில்லை. அக்குழல் அமைந்த திசையில் அதன் தலை ஓயாது ஆடிற்று. செவியினுட் கேட்டலின் வேறான தொழிலும் உண்டென்பது இதனால் வெளிப்பட்டது. ஆயினும் மக்களுக்கு வரும் தலைசுற்றலோடு இதனைப் பொருத்திப் பார்ப்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்து வைத்தியர் திடீரென்று வரும் கடுஞ்சுழற்சியை மூளையில் இரத்தம் மிகுந்ததன் விளைவென்று கொண்டு, இரத்தத்தை வடித்தும் அட்டை விட்டும் பேதி கொடுத்தும் நோயாளிகளை மேலும் நலித்தனர்.

பாரிஸ் நகரத்துச் செவிடர் ஊமையர் கல்விநிலையத்தின் தலைமை வைத்தியராயிருந்த புரோஸ்பர் மெனியேர் இக்கொள்கையை மறுத்தார். சுழற்சியும் வாந்தியும் உற்ற பலருக்குக் காது இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் கூடவே வருதலையும், அவர்கள் மூளைநோயாளர்போல வாதமுற்று வீழாமையையும் அவர் பல்லாண்டுகள் நோக்கி வந்தார். திடீரென்று செவிடாகிச் சுழற்சியுற்று இறந்த இளம்பெண் ஒருத்தியின் உடலைச் சோதித்தபொழுது, மூளை பழுதின்றியிருக்க, அரைவட்டக் குழல்களிற் செந்நிறப் பொருள் கோத்திருக்கக் கண்டார். 1861ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தம் முடிவைப் பாரிஸ் வைத்தியக் கழகத்தின்முன் படித்தார். அதனை ஏற்றோர் அன்று சிலரே. அடுத்த ஆண்டிலேயே அவர் காலமானார். அவர் பெயர் இன்று அந்நோய்க்கே பெயராய் நிலைத்துவிட்டது.

குழல்நீரின் ஓட்டமே சுழற்சியுணர்வைத் தருகின்றது என்னும் கொள்கையை 1873 முதல் 1875 வரையில் மாக், பிராயர், கிரம் பிரவுன் என்னும் மூவரும் தனித்தனியே வெளியிட்டனர். இதனை நோயாளியிடத்திற் சோதிக்கும் வழி வியன்னாவிலிருந்த ராபர்ட் பாரானிக்குத் தற்செயலாய்க் கிட்டிற்று. காது கழுவும்பொழுது நீர் குளிர்ந்திருந்தால் நோயாளிகள் தலை சுற்றுகிறதென்றனர். நீரைச் சற்று மிகுதியாகச் சூடாக்கியபொழுதும் அவ்வாறே முறையிட்டனர். ஆனால் விழிகள் இம்முறை எதிர்ப்பக்கம் துடித்தன. சூடேறிய நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்பது அனைவரும் அறிந்ததே. செவியினுள்ளும் அவ்வாறு நிகழ்வதனால் குழல்நீர் ஓடுகின்றது என்று பாரானி தெளிந்தார். ஒரு செவி செயலற்றுப்போனால் இவ்விழித்துடிப்பு அச்செவியில் தோன்றாது. எனவே எந்தச் செவி பழுதுற்றது என்பதை ஒரு சிறு குவளை நீரால் அறியும் வழி பிறந்தது. 1914ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. அச்செய்தி எட்டியபோது அவர் முதல் உலக யுத்தத்தில் ருஷியரிடம் சிறைப்பட்டிருந்தார். 1916ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு இளவரசர் கார்லின் முயற்சியால் விடுதலை பெற்றார். அவர் கூறிய விளக்கம் முழுமையானதன்று என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. 1983ஆம் ஆண்டில் பூமியைச் சுற்றிய விண்கலமொன்றில், நீர் மேலெழுதலும் கீழிறங்கலும் இல்லாத எடையற்ற நிலையிலும், செவியைச் சூடாக்கியபோது விழிகள் துடித்தன. விளக்கம் திருத்தம் பெற்றதேயன்றிச் சோதனை பயனற்றுப் போகவில்லை. இன்றும் ஆஸ்பத்திரிகளில் அது நடைபெற்று வருகின்றது.

ஒரு நிமிஷத்திற்குட் படுவது

இனி நோய்களின் வகையைக் காண்போம். படுக்கையிற் புரளும்போதோ, படுத்து எழும்போதோ, பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ, கீழே குனியும்போதோ கடுஞ்சுழற்சி தோன்றி, ஒரு நிமிஷத்திற்குள் அடங்கிவிடுமாயின், அது பெரும்பாலும் மேலே கூறிய சுண்ணக் கற்களின் செயலாகும். பையிலிருந்து கழன்ற கற்கள் அரைவட்டக் குழலினுட் புகுந்துவிடுகின்றன. தாழ்ந்து நிற்கும் பின்குழலிற் புகுவதே மிகுதி. தலையின் நிலை மாறுந்தோறும் அவை உருண்டு நீரை அசைக்கின்றன. அசையாத தலையைச் சுழல்வதாக மூளை கொள்கின்றது. முதுமை, தலையிற்பட்ட அடி, நெடுநாள் படுக்கையிற் கிடத்தல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். காரணம் ஒன்றும் புலனாகாதிருப்பதே பெரும்பான்மை. செவிப்புலன் இதனாற் கெடுவதில்லை. தலைசுற்றல் நோய்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவே.

இந்நோயை எளிதென்று எண்ணலாகாது. என் பாட்டியார் இதனால் ஓராண்டிற்கு மேல் வருந்தினார். வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் கட்டிலோடு தம்மைத் தூக்கி எறிவதுபோலிருக்கின்றது என்று அஞ்சி, சுவரிற் சாய்ந்து உட்கார்ந்தவாறே பல இரவுகளைக் கழித்தார். கிணற்றடிக்கும் கோடிவீட்டிற்கும் தனியே சென்று பழகியவர், வாயிற்படி தாண்டவும் ஒருவர் கையைப் பற்றலானார். வீட்டார் அதனை முதுமையென்றனர். உள்ளூர் வைத்தியர் ஒருவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையால் உறக்கம் மிகுந்ததேயன்றிச் சுழற்சி நீங்கவில்லை. பின்னர் வேறோர் ஊரிற் காது வைத்தியர் ஒருவர், எப்பக்கம் திரும்பும்போது வருகின்றது, எத்தனை நொடி நிற்கின்றது என்று வினவி, அவரைக் கட்டிலிற் கிடத்தித் தலையை நான்கு நிலைகளில் திருப்பி எழுப்பினார். கால் மணி நேரமும் ஆகவில்லை. அன்றிரவு பாட்டியார் படுத்து உறங்கினார்.

அவ்வைத்தியர் செய்தவை இரண்டு. முதலாவது நோயை உறுதிசெய்யும் சோதனை. லண்டன் நகரத்து வைத்தியர்களாகிய மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினர். நோயாளியை உட்காரவைத்து, முகத்தை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, தலை சற்றுத் தாழும்படி விரைந்து மல்லாக்கக் கிடத்துவர். கீழ்ப்பக்கமுள்ள செவியிற் பழுதிருப்பின், சில நொடி கழித்து விழிகள் சுழன்று துடிக்கும். ஒரு நிமிஷத்திற்குள் அடங்கும். படம் பிடிக்கும் கருவியோ இரத்தச் சோதனையோ இதற்கு வேண்டுவதில்லை.

இரண்டாவது, கற்களை அவை வந்த வழியே திருப்பியனுப்பும் முறை. இதனை வகுத்தவர் அமெரிக்க நாட்டு ஒரிகன் மாகாணத்தில் வாழ்ந்த ஜான் எப்லி. வலச்செவியிற் பழுதென்று வைத்துக்கொள்வோம். நோயாளி கட்டிலிற் கால்நீட்டி அமர்ந்து, முகத்தை வலப்பக்கம் 45 பாகை திருப்பிக்கொள்வார். வைத்தியர் அவர் தலையைத் தாங்கியவாறே, அது கட்டில் விளிம்பிற்கு அப்பாற் சிறிது தாழும்படி மல்லாக்கக் கிடத்துவார். சுழற்சி தோன்றி அடங்குமளவும், ஏறக்குறைய ஒரு நிமிஷம், அந்நிலையிலேயே வைப்பார். அடுத்து, முகத்தை இடப்பக்கமாக 90 பாகை திருப்பி, அவ்வளவு நேரம் பொறுப்பார். அதன்பின் நோயாளி இடப்பக்கம் ஒருக்களிப்பார். மூக்குத் தரையை நோக்கும்படி தலை மேலும் 90 பாகை திரும்பும். மீண்டும் ஒரு நிமிஷம் சென்றபின், அப்பக்கமாகவே மெல்ல எழுந்து அமர்வார். இத்திருப்பங்களால் கற்கள் குழலின் வளைவு முழுவதையும் கடந்து பையினுள் வீழ்கின்றன. பத்துப் பேருள் ஏறக்குறைய எண்மர் ஓரிருமுறை செய்வதனாற் குணம் பெறுகின்றனர்.

எப்லி இம்முறையை 1980ஆம் ஆண்டிலேயே சக வைத்தியர்களுக்கு விளக்கிக் காட்டினார். தலையைத் திருப்புவதனால் நோய் தீருமென்பதைப் பலர் நம்பவில்லை; சிலர் நகைத்தனர். அவருடைய கட்டுரை 1992ஆம் ஆண்டில்தான் வைத்திய இதழில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் இதுவே முதன்மையான சிகிச்சையாகக் கொள்ளப்படுகின்றது. கற்கள் மீண்டும் கழலுதலும் உண்டு. அப்பொழுது மீண்டும் இதனைச் செய்துகொள்ளலாம். கழுத்தெலும்பு நோய், கழுத்து இரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரை விலகல் ஆகியவை உடையார் வைத்தியரைக் கேளாது இதனைச் செய்தல் கூடாது. எப்பக்கச் செவி, எந்தக் குழல் என்று அறியாமற் செய்வதும் பயன்தராது.

மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நிற்பன

இருபது நிமிஷம் முதற் பல மணி நேரம் வரையிற் சுழற்சி நின்று, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் தோன்றி, கேள்விப்புலன் கூடியும் குறைந்தும் வருமாயின், அது மெனியேர் கண்ட நோயாகலாம். உட்செவியின் உள்நீர் மிகுந்து அதன் அறைகள் வீங்குவதை, 1938ஆம் ஆண்டில் லண்டனில் ஹால்பைக்கும் கேர்ன்ஸும், ஜப்பானில் யமகாவாவும் தனித்தனியே கண்டனர். உப்பைக் குறைத்தலும், சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் இதற்கு வழங்கும் முறைகள். பீட்டாஹிஸ்டின் என்னும் மாத்திரை நெடுங்காலம் வழங்கி வருகின்றது. ஆயினும் 2016ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்றில், வெறும் மாவு மாத்திரையைவிட அது மிகுபயன் தரவில்லை என்று காணப்பட்டது. கொடிய நிலையில், செவிப்பறையின் வழியே ஜெண்டாமைசின் என்னும் மருந்தைச் செலுத்தி, பழுதுற்ற நிலைப்புக் கருவியின் செயலையே அடக்குவர். இம்மருந்திற்கும், காசநோய்க்கென 1943ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் உட்செவியைக் கெடுக்கும் இயல்புண்டு. பிற நோய்க்காக அவற்றை ஊசி வழியாகப் பெறுவோர்க்கு அது கேடு. இங்கோ அக்கேட்டினையே அளவறிந்து மருந்தாக்குகின்றனர்.

முன்னறிவிப்பின்றி ஒருநாள் தொடங்கி, இரவும் பகலும் ஓயாது சுழன்று, வாந்தியோடு பல நாட்கள் வருத்துவது நிலைப்பு நரம்பின் அழற்சியாகலாம். இதனைப் பெரும்பாலும் வைரஸ் விளைப்பதாகக் கருதுகின்றனர். முதல் இரண்டு மூன்று நாட்கள் வாந்தியை அடக்கும் மருந்து வேண்டும். அதன்பின் படுத்தே கிடத்தல் தவறு. 1940க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்னும் வைத்தியர் இருவர், தலையையும் கண்ணையும் அசைத்துப் பழகும் நோயாளிகள் அசையாது கிடப்பவரைவிட விரைவிற் குணமடைவதைக் கண்டு, அதற்கெனப் பயிற்சிகளை வகுத்தனர். சுழற்சிக்கு அஞ்சித் தலையை அசைக்காதிருந்தால், குறைந்துபோன செவியின் செய்திக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்ள இயலாது. நாள்தோறும் சிறிது சிறிதாக அசைத்துப் பழகுவதே இங்கு மருந்து.

ஒற்றைத் தலைவலி உடையார்க்கும் சுழற்சி வருதல் உண்டு. வெளிச்சத்தையும் ஓசையையும் பொறாமை அதன் துணைக்குறி. தலைவலி இல்லாதபொழுதும் அது வரக்கூடுமாகையால் பலர் அதனை உணர்வதில்லை. ஒற்றைத் தலைவலிக்குரிய சிகிச்சையே இதற்கும் உரியது.

தாமதிக்கலாகாத நிலை

சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் இரத்த ஓட்டம் தடைப்படின், அதுவும் ஓயாத தலைசுற்றலாகவே தொடங்கக்கூடும். பேச்சுக் குழறுதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், முகமோ கைகாலோ ஒருபுறம் மரத்தல் அல்லது தளர்தல், விழுங்க இயலாமை, முன்னெப்போதும் இல்லாத கடுந்தலைவலி, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை ஆகிய குறிகளுள் ஒன்று சேர்ந்து வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். முதியோரும், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையாரும், ஓயாத சுழற்சி புதிதாக வருமாயின், இக்குறிகள் இல்லையென்று வாளாவிருத்தல் ஆகாது. இவ்வகை வாதத்தை முதல் இரண்டு நாட்களில் மூளைப்படம் காட்டாது விடுதலும் உண்டு. பயிற்சி பெற்ற வைத்தியர் விழியசைவுகளை மூன்று வகையாற் சோதித்து அதனைக் கண்டுகொள்ளலாமென்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பாரானி காலந்தொட்டு விழி கூறும் சான்று எவ்வளவு பெறுமதியுடையது என்பதை இங்கும் காண்கின்றோம்.

மாத்திரையும் அதன் எல்லையும்

சுழற்சியை அடக்கும் மாத்திரைகள் நோயின் மூலத்தைத் தீர்ப்பனவல்ல. செவியிலிருந்து வரும் செய்தியை மூளை உணராதபடி மழுங்கச் செய்வன. கடுமையான முதல் நாட்களில் அவை பேருதவியாம். மாதக்கணக்கில் உட்கொண்டாலோ, உறக்கமும் தள்ளாட்டமும் மிகும். முதியோர் தவறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் வழியாகும். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் ஆகியவற்றை நெடுநாள் உட்கொள்ளும் முதியோர்க்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும் தோன்றுதலும் உண்டு. கல் இடம்பெயர்ந்த நோய்க்கு இத்தகைய மாத்திரைகளை வழக்கமாகக் கொடுத்தல் வேண்டாவென்று அமெரிக்கக் காது வைத்தியர் சங்கம் 2017ஆம் ஆண்டின் நெறிமுறையில் எடுத்துரைத்திருக்கின்றது. குழலினுட் கிடக்கும் கல்லை மாத்திரை எங்ஙனம் நகர்த்தும்? ஆயினும் வைத்தியர் எழுதித் தந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடுதலும் தகாது. இன்னும் எத்தனை நாள் வேண்டுமென்று அவரையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தலைசுற்றல் என்பது தனியொரு நோயன்று, பல நோய்க்குப் பொதுவாகிய குறி என்பதும், அதன் மூலம் பெரும்பாலும் உட்செவியில் உள்ளது என்பதும், மூலத்தை அறிந்தபின்னரே உரிய பரிகாரம் புலனாகும் என்பதும் விளங்கும். மூலத்தை அறிவதற்கு வைத்தியருக்கு முதலில் வேண்டுவது நோயாளியின் வாய்ச்சொல்லே. நம் இல்லத்து முதியோர் பலர், பிறருக்குத் தொல்லை தரலாகாதென்று, "ஒன்றுமில்லை, கொஞ்சம் மயக்கம்" என்று சொல்லி அடங்கிவிடுகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் அவர்கள் அருகே சற்று அமர்ந்து, எவ்வளவு நேரம் நிற்கின்றது, எதைச் செய்யும்பொழுது வருகின்றது, அதனோடு வேறென்ன வருகின்றது என்று கேட்டு, அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே ஒரு தாளிற் குறித்துக்கொண்டு, அவர்களோடு வைத்தியரிடம் செல்வார்களாயின், அதனினும் பெரிய உதவி வேறொன்று அவர்களுக்கு வேண்டுவதில்லை.